தொண்டை கட்டிய மந்தி

விளாங்காய்ப் பந்தாட்டப் போட்டி தொடங்கிய நாளிலிருந்து மந்திக்கு இருப்புக் கொள்ளவில்லை. எந்தத் தோப்பில் ஆட்டம் நடந்தாலும் முதல் ஆளாகப் போய், மைதானத்துக்கு நேர் மேலே ஒரு கிளையைப் பிடித்துக்கொள்வாள். "சுண்டு! இடது பக்கம் போடா! கையை விரிடா!" என்று அவள் போடுகிற கூச்சலில் மகன் அம்மாவை அண்ணாந்து பார்ப்பான், விளாங்காய் தரையில் விழுந்து உருளும். "கவனமே கிடையாது இந்தப் பிள்ளைக்கு" என்று திரும்புகிற வழியெல்லாம் புலம்புவாள்.

கடைசி ஆட்டத்தன்று அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. வேறு வழியில்லாமல் இலைகளுக்கு நடுவே கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். உச்சியிலிருந்து வந்த காயைச் சுண்டு பாய்ந்து பிடித்தான். தோப்பே அதிர்ந்தது.

அவள் கீழே இறங்கியதும் ஓடிவந்தான்.

"அம்மா, இப்பத்தான் வர்றியா? நீ இல்லாததால பயமே இல்லாம ஆடினேன். கடைசிக் காயை நான்தான் பிடிச்சேன்!"

மந்தி அவனை மடியில் இழுத்துப் போட்டு, தலையில் பேன் பார்த்தபடி, கம்மிப்போன குரலில் சொன்னாள்:

"ஆமாண்டா, இப்பத்தான் வந்தேன். எப்படிப் பிடிச்சே? முதல்லேர்ந்து சொல்லு."