போகவர ஒரே சார்ஜ்

பூமிக்கு ஒரு நற்செய்தி. அவன் மின்சாரக் கார் வாங்கிவிட்டான்.

ஓஸ்லோ தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் அப்படித்தான் அறிவித்தான். கரியமில வாயு, வருங்காலத் தலைமுறை, துருவக் கரடி என்று மூன்று பத்தி. நாற்பத்தாறு பேர் கைகூப்பினார்கள்.

ஒருவர் மட்டும் மைலேஜ் கேட்டார்.

விஷயமே அதுதான்.

ஏழு ஷோரூம் ஏறி இறங்கியிருந்தான். நிறம் பார்க்கவில்லை. சீட் பார்க்கவில்லை. எல்லா இடத்திலும் ஒரே கேள்வி. பனிக்காலத்தில், ஹீட்டர் ஓட, லில்லஹாமர் போய்த் திரும்ப முந்நூற்றறுபது கிலோமீட்டர். நடுவில் சார்ஜ் போடாமல் வருமா?

"எதற்கு? போகிற வீட்டில் ஒரு பிளக் இருந்தால் போதுமே" என்றார்கள்.

அங்கேதான் இடித்தது.

போகிற வீடு, மனைவியாக இருந்தவளின் வீடு.

சேலத்திலிருந்து சேர்ந்துதான் வந்தார்கள். மூன்றாம் வருடம் பிரிந்தார்கள். மகள் அவளோடு. இவனுக்கு ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை, பத்து மணி முதல் பன்னிரண்டு வரை.

கையெழுத்துப் போட்ட அன்று வக்கீல் முன்னால் சொன்னான்: "உன் வீட்டுத் தண்ணி ஒரு சொட்டு என் தொண்டையில இறங்காது."

இறங்கவில்லை. ரயிலில் போவான். வாசல் கேட்டில் மகளை வாங்கிக்கொள்வான். தெருவில் நடத்திக் கூட்டிப்போய், கேட்டிலேயே திருப்பிக் கொடுப்பான். மைனஸ் பதினைந்திலும் சபதம் உறையவில்லை.

தண்ணீருக்கே அப்படி என்றால் மின்சாரத்துக்குக் கையேந்துவானா?

இருப்பதிலேயே பெரிய பேட்டரியாகப் பார்த்து வாங்கினான்.

முதல் சனிக்கிழமை. பத்தாக ஐந்து நிமிடம். கேட்டை ஒட்டி நிறுத்தினான். சத்தமே இல்லை. கொஞ்சம் சத்தம் வந்திருக்கலாம் என்று தோன்றியது.

மிதுனா ஏற்கெனவே வெளியே நின்றிருந்தாள். ஒன்பது வயது. காதுவரை குல்லா. கையில் எக்ஸ்டென்ஷன் வயரின் ஒரு முனை. காரேஜிலிருந்து பனியின் மேல் கேட் வரைக்கும் இழுத்து வைத்திருந்தாள். வாட்ஸ்அப் அறிவிப்பு இந்த வீடு வரைக்கும் வந்திருந்தது.

"அப்பா, அம்மா போட்டுக்கச் சொல்லிட்டாங்க. வீட்டு கரண்ட்ல மெதுவாத்தான் ஏறுமாம். எட்டு மணி நேரமாவது ஆகும்னு மிஸ் சொன்னாங்க."

அவளுக்குப் பின்னால் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அந்த ஊரில், அந்தக் குளிரில், யாரும் அப்படித் திறந்து வைப்பதில்லை.

அவன் நிமிர்ந்தான். கதவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னான்.

"தேவையில்லடா கண்ணு. அப்பா வண்டி வந்துட்டு அப்படியே திரும்பிடும்."

"கொஞ்சங்கூட வேணாமா?"

"கொஞ்சங்கூட வேணாம்."

மிதுனா காரையே பார்த்தாள். பிறகு உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாக வயரைச் சுற்ற ஆரம்பித்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் பனி உதிர்ந்தது.

எட்டு மணி நேரம். இரண்டிரண்டு மணியாக, அவனுக்கு நான்கு சனிக்கிழமை.

அவன் வாயைத் திறந்தான்.

கதவு சாத்தப்பட்டது.

வண்டியில் ஐம்பத்தாறு சதவீதம் சார்ஜ் இருந்தது.