பெயர் சொல்லாமல்

மலாயாவில், புலாவ் செபாங் பக்கத்து ரப்பர் தோட்டம். ஆபீஸ் வாசலில், போலீஸ் லாரி இறக்கிய பிணம் வெயிலில் கிடக்கிறது. காட்டில் கம்யூனிஸ்டுகளோடு இருந்து சுடப்பட்டவன். அவன் மனைவி என்று தெரிந்தால் பெத்தம்மாளையும் கைக்குழந்தையையும் முகாமில் அடைத்துவிடுவார்கள். "யாருன்னு தெரியாதுங்க" என்கிறாள், கண் கலங்காமல். போலீசுக்கு மொழிபெயர்க்கும் தோட்டத்து குமாஸ்தா, கிராணி, சிரிக்கிறார். "புருசன் இல்லேன்னா பேரச் சொல்லலாம்லா. 'இது மருதமுத்து இல்லே'ன்னு சொல்லிட்டுப் போ." அவள் வாய் திறக்கிறாள். எதிர்க்கடையில் இசைத்தட்டு சுழலத் தொடங்குகிறது. கல்யாணமான வாரம் தம்பின் டவுன் கொட்டகையில் இருவரும் பார்த்த படத்தின் காதல் பாட்டு. லயத்து வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவன் சீட்டியடித்துக்கொண்டு வந்த பாட்டு. அந்த உதட்டில் இப்போது ஈ உட்கார்கிறது. பாட்டு முடிவதற்குள் பெத்தம்மாள் சொல்லிவிடுகிறாள்: "இது அவரு இல்லீங்க." கிராணி சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேனாவைத் திறக்கிறார்.