கைக்கு வராத கிட்டார்

சசிகரனின் கடைக்குள் நுழைந்ததும் ஜெமீல் செய்த முதல் வேலை, தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் திணித்ததுதான். அடுத்த வேலை, கல்முனைப் பிரதான வீதிக்கு முதுகைக் காட்டி நின்றது. சாய்ந்தமருதுப் பள்ளிவாசல் ஒன்றின் செயலாளரான அவர் கிட்டார் கடைக்குள் நிற்பதை ஒருத்தன் கண்டால் போதும், இரவு இஷாத் தொழுகைக்குள் ஊரே கதைத்து முடித்துவிடும்.

"இதையும் ஒருக்கா வாசிச்சுப் பாருங்க தங்கச்சி," என்று சசிகரன் ஆறாவது கிட்டாரை நீட்டினான்.

ஜெமீலின் மகள் ஸம்றா அதை வாங்கி மடியில் வைத்து மீட்டினாள். கம்பியில் முதல் இரண்டு தட்டும் ஒழுங்காக விழுந்தன. மூன்றாவது தடுக்கியது, நாலாவது எங்கேயோ போய் விழுந்தது.

"சரி வருகுதில்ல அண்ணன். கை சொல்லுக் கேக்குதில்ல."

முன்பள்ளி ஆசிரியைப் பயிற்சிக்குப் போகிறவள் அவள். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்க ஒரு வாத்தியம் பழக வேண்டுமாம், அவள் பிரிவுக்குக் கிடைத்தது கிட்டார். மூன்று மாதமாகத் தோழியின் கிட்டாரோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, "சுகமா வாசிக்கிற ஒண்டு வாங்கித் தாங்க வாப்பா" என்று அழாக்குறையாகக் கேட்டாள். இன்றைக்கும் சரிவராவிட்டால் பயிற்சியையே விட்டுவிடுவது என்று வாப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு.

"என்ன விலைக்குள்ள பாக்கிறீங்க காக்கா?" என்று சசிகரன் ஜெமீலைக் கேட்டான்.

"முப்பதாயிரத்துக்கு மேல ஏலாது தம்பி. பெரிசாச் சத்தம் வராத ஒண்டா இருந்தா இன்னும் நல்லம்."

சசிகரன் சிரிப்பை விழுங்கிக்கொண்டு ஏழாவதை எடுத்தான். பிறகு நைலோன் கம்பி பூட்டியது ஒன்று, உடம்பு சிறுத்தது ஒன்று. எதை எடுத்தாலும் அதே மூன்றாவது தட்டில் அவள் தடுக்கினாள். அவள் முகம் சிவந்துபோயிற்று.

ஜெமீலுக்கு மானம் போனது. "உங்கட சாமானில பிழையில்ல தம்பி. இவக்குத்தான் கவனமில்ல. எல்லாத்தையும் சின்னதிலேயே திருத்தினன், இந்தச் சோம்பல மட்டும் விட்டுட்டன்."

ஸம்றா தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், கடைக்காரன் முன்னால் வாப்பா இப்படிச் சொல்லியிருக்கவே வேண்டாம்.

"அது கிடக்கட்டும், இந்தத் தாளத்தக் கேளுங்க," என்று சசிகரன் கைபேசியில் ஒரு பாட்டைப் போட்டான். குனிந்த தலை நிமிராமலே ஸம்றாவின் இடக்கை விரல்கள் கண்ணாடி மேசையில் தட்டின. பாட்டு முடியும்வரை ஒரு தட்டுக்கூடப் பிசகவில்லை.

"கண்ணாடியில தட்டாத மகள், உடையப் போகுது," என்று ஜெமீல் அதட்டினார்.

சசிகரன் அந்த விரல்களையே பார்த்தான். பிறகு, முதன்முதலில் காட்டிய இருபத்திரண்டாயிரம் ரூபாய்க் கிட்டாரையே தூக்கிக்கொண்டு உள்ளே போனான். "பத்து நிமிசம் பொறுங்க காக்கா. கம்பியக் கழட்டிப் பூட்டித் தாறன்."

பத்து நிமிடம் இருபது நிமிடமாயிற்று. அஸர் தொழுகை நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஜெமீல் வெயிலைப் பார்த்து நேரம் கணிக்க வீதிப் பக்கம் திரும்பியதுதான் தாமதம், வீதியில் போன மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. பள்ளிவாசலில் பக்கத்தில் நின்று தொழுகிற மசூர்!

"அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா!"

"வஅலைக்குமுஸ்ஸலாம். மகள்ட படிப்புக்கு! படிப்புக்கு!" கேட்காத கேள்விக்கு ஜெமீல் பதறிப் பதில் சொன்னார். மசூர் பல்லைக் காட்டிவிட்டுப் போய்விட்டான். நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது அவருக்கு.

சசிகரன் வெளியே வந்து கிட்டாரை ஸம்றாவின் மடியில் மறுபக்கம் திருப்பி வைத்தான்.

"என்ன அண்ணன், பக்கம் மாறி இரிக்கி?"

"இரிக்கட்டும். கம்பியும் மாத்தித்தான் பூட்டியிருக்கன். இப்ப மேசையில தட்டின அந்தக் கையால தட்டுங்க."

அவள் தட்டினாள். மூன்றாவது தட்டு விழுந்தது. நாலாவதும் விழுந்தது. பத்து, இருபது என்று தடையில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. நிறுத்திவிட்டுத் தன் கையையே ஒருமுறை புரட்டிப் பார்த்தாள், மறுபடி தட்டினாள். சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன.

"வாப்பா! வருகுது வாப்பா! மற்றக் கையால கம்பியில விரல் பிடிக்கிறது மட்டும் இனிப் பழகினாச் சரி!"

"கிட்டாரிலயும் பிழையில்ல, பிள்ளையிலயும் பிழையில்ல காக்கா," என்றான் சசிகரன். "ஏன் தங்கச்சி, உங்களுக்கு இடக்கைப் பழக்கம் எண்டு முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு கிட்டாரையும் இறக்கி ஏத்தியிருக்கத் தேவல்லியே?"

"எனக்கா?" ஸம்றா கண்ணைத் துடைத்தபடி சிரித்தாள். "பொறந்ததில இருந்து நான் எல்லாம் செய்யிற வலக்கையாலதான் அண்ணன். வேணுமெண்டா வாப்பாக்கிட்டக் கேளுங்க."

இருவரும் ஜெமீலைப் பார்த்தார்கள். அவர் வீதியைப் பார்த்தபடி நின்றார். யார் கண்டாலும் இனி அவருக்கு ஒன்றுமில்லை, மகளின் முகத்தைப் பார்க்கத்தான் வெட்கமாக இருந்தது.

"மகள்... நீ இடக்கையால சோறு அள்ளின எண்டு, மூணு வயசில அந்தக் கையத் துணியால கட்டி வெச்சது நான்தான்."