மாப்பிள்ளை மேல் ஒரு பழி

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு கோர்ட்டாம். அந்தக் கோர்ட்டில் பாடம் நடத்த ஒரே ஒரு நாற்காலியாம். நாற்காலிதான் ஒன்று, அதற்கு வக்கீல்கள் இரண்டு பேர். ஒருவர் மச்சான். இன்னொருவர், அவர் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை.

அவதூறு வழக்கு என்றாலே மச்சான்தான். புதிதாகக் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் அந்தச் சட்டத்தைச் சொல்லிக்கொடுப்பதும் அவர்தான். இந்த வருஷம் அந்த வகுப்புக்கு வக்கீல் சங்கத்துப் பலகையில் மாப்பிள்ளை பெயரை ஒட்டிவிட்டார்கள்.

அதைப் பார்த்ததிலிருந்து மச்சானுக்கு வயிறு பற்றி எரிந்தது.

வக்கீல்கள் டீ குடிக்கும் அறையில் அவர் வந்து உட்கார்ந்ததும் கட்டைக்குரல் வக்கீல் ஆரம்பித்தார்.

"என்ன சார், உங்க சீட்டை வீட்டு மாப்பிள்ளையே தட்டிட்டுப் போயிட்டாராமே?"

"பத்திரிகை கேஸ்ல ஜெயிச்சாரே, அதுலேர்ந்து அவருக்குத்தானே மவுசு!" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். "அந்தச் சாட்சியை வெச்சு என்னமா வாதாடினாரு!"

"அட போங்கய்யா!" மச்சான் டம்ளரை டொக்கென்று வைத்தார். "அது பொய்ச் சாட்சி. வீட்டுல உக்கார வெச்சு வரிக்கு வரி சொல்லிக்கொடுத்தான். அந்த வீட்டுக்குப் போயிட்டு வர்றவன் நான், எனக்குத் தெரியாதா?"

அறையில் நாற்காலிகள் கிறீச்சிட்டுக்கொண்டு நெருங்கி வந்தன.

"அப்படியா சங்கதி!"

"அதானே பார்த்தேன்!"

மச்சானுக்கு நாக்கில் சர்க்கரை தடவின மாதிரி இருந்தது. அடுத்த நொடி, எல்லோர் பார்வையும் அவரைத் தாண்டிப் போவதைக் கவனித்துத் திரும்பினார்.

வாசலில் மாப்பிள்ளை. கூடவே, சங்கத் தலைவரம்மா.

"என்ன சொன்னீங்க? எங்க, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார் தலைவரம்மா.



வகுப்பில் அவரே தொண்டை கிழியக் கத்தின பாடம் இப்போது அவர் காதிலேயே கேட்டது. 'அவன் வாதம் சப்பென்று இருந்தது' என்று சொல்லியிருந்தால் அது கருத்து. யாரும் ஒன்றும் செய்ய முடியாது. 'பொய்ச் சாட்சி' என்பது நடந்ததாகச் சொன்ன சங்கதி. உண்மை என்று நிரூபித்தால் தப்பிக்கலாம். எதை வைத்து நிரூபிப்பது? அந்தச் சாட்சியின் மூஞ்சியைக்கூட அவர் பார்த்தது கிடையாது!

"நீங்க சொன்னது உண்மைன்னா இவர் கோட்டைக் கழட்டணும்" என்றார் தலைவரம்மா. "பொய்யின்னா நீங்க கழட்டணும். ரெண்டுல ஒண்ணு இப்பவே தெரிஞ்சாகணும்."

கோட்டு போனால் பிழைப்பு போச்சு. அதற்கப்புறம் தங்கை முகத்தில் எப்படி விழிப்பது?

மாப்பிள்ளை ஒரு அடி முன்னால் வந்தார். தீர்ந்தது கதை என்று மச்சான் கண்ணை மூடிக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. நான்தான் மச்சானை அப்படிச் சொல்லச் சொன்னேன்."

"என்னது?"

"வகுப்புக்கு ஒரு உதாரணம் வேணும்னு பார்த்தேன். பெரிய பெரிய வக்கீலுங்க உக்காந்திருக்கிற இடத்துல ஒருத்தன் மேல சேத்தை வாரி அடிச்சா, 'ஆதாரம் எங்கய்யா'ன்னு யாராவது கேக்கறாங்களான்னு..." மாப்பிள்ளை கட்டைக்குரல் பக்கம் திரும்பினார். "ஒருத்தரும் கேக்கலையே சார்! நாற்காலியைத்தானே கிட்ட இழுத்துப் போட்டுக்கிட்டீங்க?"

கட்டைக்குரல் டம்ளருக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்.

"பழியைச் சுமக்கிறவனே சரின்னு சம்மதிச்சுச் சொல்லச் சொன்னா, அவதூறு கேஸ் நிக்காது. என்ன மச்சான், சரிதானே?"

மச்சான் தலையை ஆட்டினார்.

"விளையாட்டுக்கும் ஒரு அளவு வேண்டாமா?" தலைவரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "மச்சானும் மாப்பிள்ளையும் கூத்தடிக்க என் சங்கம்தான் கிடைச்சுதா?"

அவர் விடுவிடுவென்று தன் அறைக்குப் போனார். மற்றவர்களும் ஆளுக்கொரு வேலை ஞாபகம் வந்தவர்களாக நழுவினார்கள்.

மாப்பிள்ளை கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்க சொன்னது பச்சைப் பொய் மச்சான். பொறாமையில சொன்னீங்க. வாசல்ல நின்னு கேட்டப்போ எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?"

மச்சான் மேஜையைப் பார்த்தபடியே கேட்டார்.

"இதை அவங்க முன்னாலயே சொல்லி என் மானத்தை வாங்கியிருக்கலாமே மாப்ள?"

"மூணாவது மனுஷன் காதுல விழுந்தாத்தானே மச்சான் மானம் போகும்? இப்ப இங்க நாம ரெண்டு பேருதான்."

வழக்குக் கட்டுகளை அள்ளிக்கொண்டு மாப்பிள்ளை போய்விட்டார்.

'நல்லவனா இருக்கறதுலயும் இவனே முந்திக்கிட்டானே!' மச்சானுக்குப் பொறுக்கவில்லை. எழுந்தார். கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, தலைவரம்மா அறையைப் பார்த்து நடந்தார்.