வலக்கைக் கட்டு

கனகாம்பிகையின் வலக்கையில் விரல்நுனி முதல் முழங்கை வரைக்கும் வெள்ளைக் கட்டு. கோப்பாய் வாசிகசாலை மண்டபத்துக்குள் நுழையும்போது, ஐயர் தீபத்தட்டை ஏந்துவதுபோல அந்தக் கையை ஏந்திக்கொண்டு வந்தார்.

"என்னக்கா கைக்கு?"

"பெட்டி இழைக்கிற பன்னவேலை எண்டால் சும்மாவே பிள்ளை? ஓலை வெட்டிப்போட்டுது. ரத்தம் சொட்டச் சொட்டவெல்லோ மூடல்பெட்டியை முடிச்சனான்!"

கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அன்று விடியற்காலை அதே கையால் அவர் கிணற்றில் துலா இழுத்துக் குளித்ததை வேலி ஓட்டைக்குள்ளால் பார்த்தவர்கள் மட்டும் கொட்டவில்லை.

கனகாம்பிகை எங்கள் மாதர் சங்கத் தலைவி. ஊர்க் கைவேலைக்கு மதிப்பு வேண்டும் என்று மாதம் தவறாமல் கூட்டம் வைப்பார். கூட்டத்துக்கு வடையும் வெற்றிலையும் வருவது அவருடைய சிவப்புப் பிளாஸ்ரிக் கூடையில்.

அன்று மண்டபத்தில் நடந்த 1975ஆம் ஆண்டுக் கைவேலைக் கண்காட்சியில் பரிசும் புதுமாதிரி. முதலாவதாக வரும் பெட்டியைப் போன்ற பெட்டிகளைக் கொழும்புக் கடை ஒன்று வருடம் முழுக்க வாங்கும். ஒவ்வொரு பெட்டியிலும், செய்தவரின் பெயர் அச்சடித்த துண்டு தொங்கும்.

அந்த மூடல்பெட்டியைச் செய்தவள் பின்வளவுத் தங்கமுத்து. முந்தின நாள் அவள் அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டியபோது கனகாம்பிகை கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"மூதேவி! நல்ல காரியத்துக்குப் போற சாமானை இடக்கையாலையே தாறாய்?"

"பிறந்த பழக்கம் அம்மா, மறந்து போனன்." தங்கமுத்து கைமாற்றிக் கொடுத்தாள். "என்ரை பேரை வடிவாய் எழுதுவியளே?"

"ஓமோம். பேர் எழுதாமல் ஆரும் வைப்பினமே?"

எழுதத்தான் எழுதினார். மண்டபத்து மேசையில், பெட்டிக்குக் கீழே, 'கனகாம்பிகை தியாகராசா' என்று முத்து முத்தான எழுத்தில் ஒரு மட்டை. தங்கமுத்து அதை எழுத்துக் கூட்டி வாசித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"அம்மா, இதிலை என்ரை பேர் இல்லையே..."

"சத்தம் போடாதை! உன்ரை பேரைப் போட்டால் கொழும்பிலை ஆர் வாங்கப் போயினம்? நீ பெட்டியைச் செய். பேரை நான் பாக்கிறன். போய் வாசல்லை நில்."

தங்கமுத்து போய் வாசலில் நின்றாள்.

நடுவராக வந்தவர் நாகேஸ்வரி ரீச்சர். சாவகச்சேரியில் பன்னவேலை படிப்பிப்பவர். மேசை மேசையாகப் பெட்டிகளைப் புரட்டிக்கொண்டு வந்தவர் இந்த மூடல்பெட்டியடியில் நின்றுவிட்டார். மூடியைத் திறந்தார், மூடினார். விளிம்புத் தையலை விரலால் தடவினார். பக்கத்துப் பெட்டியை எடுத்து அதன் விளிம்பையும் தடவிவிட்டு, மறுபடியும் இதைத் தடவினார்.

"முதற்பரிசு இதுக்குத்தான்."

மண்டபம் கைதட்டியது. கனகாம்பிகை எழும்பி, கட்டுப் போட்ட கையையும் சேர்த்து நாலு திசைக்கும் கும்பிட்டார்.

"ஒரு விதி இருக்கு," என்றார் ரீச்சர். "பரிசு வாங்கிறவ சபைக்கு முன்னாலை விளிம்பிலை நாலு தையல் போட்டுக் காட்டவேணும்."

அந்த விதி சங்கத் தலைவிக்குப் போன கிழமையே கடிதத்தில் வந்திருந்தது. கனகாம்பிகை கட்டை உயர்த்திக் காட்டினார்.

"எனக்கு மட்டும் ஆசை இல்லையே ரீச்சர்? கை கிடக்கிற கிடையைப் பாருங்கோவன்!"

சபை 'பாவம்' என்றது. ரீச்சரும் இரங்கியது போலத்தான் தெரிந்தது. ஆறுதலாக ஊசியில் நாரைக் கோத்து, கனகாம்பிகையின் இடக்கையைப் பிடித்து அதற்குள் வைத்தார்.

"இதென்ன பகிடி ரீச்சர்! ஆரும் இடக்கையாலை தைப்பினமே?"

ரீச்சர் இரண்டு பெட்டிகளின் விளிம்பையும் சபைப் பக்கம் திருப்பிப் பிடித்தார். மற்றப் பெட்டியில் தையல் ஒரு பக்கம் சரிந்திருந்தது. மூடல்பெட்டியில் நேர்மாறாக மறுபக்கம். வாசலில் நின்ற தங்கமுத்து தன் கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்தாள்.

"இந்தப் பெட்டியைத் தைச்சது இடக்கை, அக்கா."