ஸ்டார்ட் பட்டன் அமுக்கிட்டேனுங்க

“ஸ்டார்ட் பட்டன் அமுக்கிட்டேனுங்க” என்றார் சேவியர்ராஜ், மவுஸைத் தொடாமலே.

பக்கத்தில் நின்ற மனைவி அன்னாளுக்குப் பகீரென்றது. ஞாயிறு பூசையில் நன்மை அப்பம் வாங்கிய வாய் இன்னும் காயவில்லை. அதற்குள் மனுஷன் போனில் பச்சைப் பொய் சொல்கிறார்!

“ஏனுங்க, நம்ம கம்ப்யூட்டர்ல அந்தப் பட்டன் எங்க இருக்குது?”

அவர் போனைப் பொத்திக்கொண்டார். “சும்மா இரு புள்ள. நெசத்தச் சொன்னா வெச்சுடறாங்கல்ல?”

அதுவும் சரிதான். கொஞ்சம் முன்னால் இதே இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டு, “எங்களது லினக்ஸுங்க” என்று உள்ளதைச் சொன்னார். “சாரி சார், விண்டோஸுக்கு மட்டும்தான் சப்போர்ட்” என்று ஒரு பையன் பட்டென்று வைத்துவிட்டான்.

லினக்ஸைப் பற்றி அவர் என்னத்தைக் கண்டார்? சங்ககிரியில் லாரிக்கு பாடி கட்டும் வெல்டர். பழைய லேப்டாப் விண்டோஸ் பாரம் தாங்காது என்று லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தது மகள் ஃபாத்திமா. கொடுத்துவிட்டு அவள் ஆப்பிரிக்காவில் கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட்டாள்.

அந்த ஃபாத்திமா இன்றைக்குத்தான் வார்த்தைப்பாடு கொடுத்துக் கன்னியாஸ்திரி ஆகிறாள். மடத்தில் நேரலை போடுகிறார்கள். போய்ப் பார்க்க இவர்களிடம் பாஸ்போர்ட்கூடக் கிடையாது. லேப்டாப்பில் பார்த்தால்தான் உண்டு. நேரம் பார்த்து நேற்று கம்பெனி ஆள் வந்து பழைய மோடத்தை எடுத்துவிட்டுப் புதுசு வைத்தான். அதோடு நெட் போச்சு. வீட்டில் இருப்பதோ பட்டன் போன்.

“சார், லைன்ல இருக்கீங்களா?” என்றாள் போனில் இருந்த பெண். அகல்யா என்று பெயர் சொல்லியிருந்தாள். “ஸ்டார்ட் அமுக்கினதும் நீலக் கலர்ல கட்டம் வந்துச்சா?”

“வந்துருச்சுங்க.”

“எங்க வந்துச்சு?” என்றாள் அன்னாள், உரக்கவே.

அது போனுக்குள்ளும் போய்விட்டது.

“கட்டத்துக்கு ஓரத்துல பச்சைக் கிளி ஒண்ணு தெரியுதா சார்?”

“தெரியுதுங்க அம்மிணி. நல்லாவே தெரியுது.”

அன்னாள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“கொஞ்சம் சீக்கிரமா சொல்லு சாமி” என்றார் அவர். “எம்பட பொண்ணு இன்னைக்குக் கன்னியாஸ்திரி ஆகறா. கண்ணால பாக்கோணும்.”

“பாத்துடலாம் சார். ஸ்கிரீன்ல மேல, வலது மூலையில அமுக்குங்க.”

அமுக்கினார். அட, பட்டியல் ஒன்று இறங்கியது!

“அதுல பல்சக்கரம் மாதிரி ஒண்ணு இருக்கும்.”

இருந்தது. அதற்கப்புறம் அவள் சொன்னதெல்லாம் சொன்ன இடத்தில் இருந்தது. நெட்வொர்க் இருந்தது, ஆட்டோமேட்டிக் இருந்தது. பொய் சொன்ன மனுஷனுக்கு இப்படி ஒரு அதிர்ஷ்டமா?

“மாதாவே, என்ன புதுமை இது!” என்று அன்னாள் கன்னத்தில் போட்டுக்கொள்ள, நெட் வந்துவிட்டது. திரையில் கோயில் பீடம். வெள்ளை உடுப்பில் வரிசையாகப் பெண்கள்.

“உண்மையைச் சொல்லிப் போடுங்க” என்று இடித்தாள் அன்னாள். “பொய்யில வந்த நெட்டுல பாப்பாளப் பாக்கறதா?”

அவருக்கும் உறுத்தியது. “அம்மிணி, உங்கிட்ட ஒண்ணு ஒத்துக்கோணும். எங்க கம்ப்யூட்டரு வந்து...”

“வேற உதவி எதுவும் இல்லையா சார்? நன்றி, வணக்கம்.”

டொக்.

“பாத்தீங்களா? ஒரு வார்த்தை காது குடுத்துக் கேக்கல. என்ன திமிரு!”

திட்டி முடிப்பதற்குள் ஃபாத்திமா வந்துவிட்டாள். பீடத்தின் முன் முட்டி போட்டாள். அப்புறம் அந்த வீட்டில் யாரும் யாரையும் திட்டவில்லை. இரண்டு பேரும் ஒரே துண்டில் மாற்றி மாற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் தெரியாத நம்பரில் இருந்து போன் வந்தது.

“ஐயா, அகல்யா பேசறனுங்க. டூட்டி முடிஞ்சு வெளிய வந்துட்டனுங்க. பாப்பாளப் பாத்தீங்களா?”

“பாத்தோம் சாமி, கண்ணு நெறையப் பாத்தோம். நீதான் நான் சொல்ல வந்ததைக் கேக்காம...”

“கோவிச்சுக்காதீங்கய்யா. ஆபீஸ்ல பேசறது பூராம் ரெக்கார்டு ஆகுது. நீங்க விண்டோஸ் இல்லைன்னு வாயத் தொறந்திருந்தா, தெரிஞ்சே சொல்லிக் குடுத்தேன்னு எனக்கு வேலை போயிருக்குமுங்க.”

சேவியர்ராஜ் திகைத்துப் போனார். “விண்டோஸ் இல்லைன்னு உனக்கெப்படித் தெரியும் அம்மிணி? நான்தான் நீ கேட்டதுக்கெல்லாம் ஆமா ஆமான்னு சொன்னனே?”

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள்.

“விண்டோஸ்ல ஏதுங்கய்யா கிளி?”