இடது ஆறு, வலது ஆறு

திரையின் இடப்பக்கம் ஆறு குழந்தைகள், வலப்பக்கம் ஆறு குழந்தைகள். இடப்பக்கத்துக்கு இதய ஆபரேஷன் உண்டு, வலப்பக்கத்துக்குக் கிடையாது. இப்படிப் பிரித்த இயந்திரம் காரணம் சொல்லாது. படங்களைப் பார்த்து வித்தியாசத்தை ஒரு வரியில் எழுதுவதுதான் விசாலியின் வேலை. அவள் எழுதிவிட்டால் அப்பீல் கிடையாது.

இன்றைய புதிர் சப்பையாக இருந்தது. வலப்பக்கம் எல்லாக் கன்னத்திலும் கறுப்பாக ஒரு பொட்டு.

"அது திருஷ்டிப் பொட்டுடி. மெஷின் ஏதோ நோய்னு நினைச்சிருக்கு," என்றாள் பக்கத்து சீட்டு மெர்லின். "காரணம் தெரியலைன்னு திருப்பி அனுப்பிடேன், பாவம்."

"தெரிஞ்ச விடையை யாராச்சும் விடுவாங்களா?"

விசாலி தட்டினாள்: கன்னத்தில் கரும்புள்ளி.

'சரியான விடை. இனி வரும் குழந்தைகளுக்கும் இதுவே விதி' என்றது திரை.

மத்தியானம் அவள் புருஷன் தயாளன் கூப்பிட்டான். "பாப்பாவோட ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில போட்டோ எடுத்து அனுப்பிட்டாங்க விசாலி."

"ஏங்க, கன்னத்துல நான் வச்ச பொட்டு..."

"அதை ஏன் கேக்குற? நர்ஸ் துடைக்க வந்தாங்க. குழந்தையோட அம்மா வச்சது, தொடாதீங்கன்னு சண்டையே போட்டுட்டேன்."